கைக்கெட்டும் கலை: ஓர் அறிமுகம்

முன்னுரை

சமகாலக் கலை என்றவுடன் நம் மனக்கண்முன் இரண்டு காட்சிகள் தோன்றுகின்றன. ஒன்று, அருங்காட்சியகத்தில் கயிறு கட்டித் தடுத்து வைக்கப்பட்டுள்ள ஓவியம். மற்றொன்று, ஏலக்கூடத்தில் கோடிக்கணக்கில் விலைபோகும் ஓவியம். முன்னதைத் தொட இயலாது. பின்னதை வாங்க இயலாது. எனவே ‘இது நமக்குரியதன்று’ என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம்.

இலக்கியத்தில் இந்நிலை இல்லை. சிறந்ததொரு கவிதை நூலைச் சில நூறு ரூபாய்க்கு ஒரு மாணவர் வாங்கிவிடலாம். செல்வர் வீட்டிலுள்ள படிக்கும் அம்மாணவர் கையிலுள்ள படிக்கும் கவிதையளவில் வேறுபாடு சிறிதும் இல்லை. இச்சமன்மையை நமக்கு ஈட்டித் தந்தது அச்சு. இத்தகைய நன்மையை ஓவியத்திற்கும் சிற்பத்திற்கும் செய்ய இயலாதா என்னும் வினா, இருபதாம் நூற்றாண்டில் மேலைநாட்டுக் கலைஞர் சிலரை விடாது பற்றிக்கொண்டது. அவர்கள் தேடிய வழிகள் பெரும்பாலும் விளையாட்டுத்தன்மை உடையவை, சில சிரிப்பூட்டுபவை. எனினும் அவற்றின் உள்ளீடு விளையாட்டன்று. அவ்வழிகளுள் சிலவற்றை அறிமுகம் செய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கண்காட்சிக் கடையில் ஒரு கலைஞர்

பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் துஷாம் 1935ஆம் ஆண்டு பாரிசில் நடைபெற்ற லெப்பீன் கண்காட்சியில் சிறு கடை ஒன்றை வாடகைக்கு எடுத்தார். அது கலைக்கண்காட்சி அன்று. புதிய கருவிகளைக் கண்டுபிடித்தோர் அவற்றை மக்களுக்கு விற்கும் சந்தை. துஷாம் விற்க வைத்தவை ஆறு அட்டை வட்டுகள் கொண்ட தொகுதிகள். ஒவ்வொரு வட்டின் இருபுறமும் படம் உண்டு. ஆக, ஒரு தொகுதியில் பன்னிரண்டு படங்கள். வட்டை இசைத்தட்டுக் கருவியின்மேல் வைத்துச் சுழலவிட்டால், தட்டையான படம் ஆழமும் உயரமும் பெற்றுக் கண்ணை மயக்கும். கிண்ணத்தில் மீன் நீந்தும். கோப்பையில் முட்டை எழுந்து நிற்கும். 500 தொகுதிகள் அச்சிடப்பட்டன.

அவருடைய நண்பர் ஆன்றி பியேர் ரோஷே இந்நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளார். துஷாமின் கடைக்கு ஒருபுறம் குப்பையை அமுக்கும் கருவி; மறுபுறம் காய்கறி நறுக்கும் கருவி. மக்கள் அவற்றைச் சூழ்ந்து நின்றனர். சுழலும் வட்டுகளை ஒருமுறை நோக்கிவிட்டு நடந்தனர். விற்பனை ஏறத்தாழ இல்லை என்றே கூறலாம். வணிக நோக்கில் இது தோல்வி. ஆயினும், கலைப்பொருளைக் காய்கறி நறுக்கும் கருவிக்குப் பக்கத்தில், அதைப் போலவே விலை சொல்லி வைக்கலாம் என்னும் எண்ணம் அன்று விதையாக விழுந்தது.

அவ்விதை பின்னர் முளைத்தது. 1959இல் டானியல் ஸ்போரி என்பவர் பாரிசில் ஒரு பதிப்பு முயற்சியைத் தொடங்கினார். கலைஞர் ஒருவரின் ஒரு வடிவத்தையே பல படிகளாகச் செய்து விற்பது அதன் திட்டம். துஷாம், டாங்கலி, வசரெலி முதலியோரின் படைப்புகள் அதில் இடம்பெற்றன. புகழ்பெற்றவர், பெறாதவர் என்ற வேறுபாடு பாராது அனைத்திற்கும் ஒரே விலை குறிக்கப்பட்டது. நூல் வெளியீட்டின் முறை சிற்பத்திற்கு வந்தது என்று இதனை நாம் கொள்ளலாம்.

சிகரெட் இயந்திரம் கலைப் பெட்டகமானது

இவ்வகை முயற்சிகளுள் நம்மைப் பெரிதும் கவர்வது அமெரிக்க நாட்டில் வட கரோலைனா மாநிலத்து வின்ஸ்டன் சேலம் நகரில் தோன்றியது. அந்நகர் புகையிலையால் வளர்ந்தது. வின்ஸ்டன், சேலம் என்னும் இரு சிகரெட் வகைகள் அந்நகரின் பெயரையே தாங்கியவை என்றால், ஊருக்கும் தொழிலுக்கும் இருந்த உறவு விளங்கும். காசு போட்டுக் கைப்பிடியை இழுத்தால் சிகரெட் பெட்டி வந்து விழும் இயந்திரங்கள் அந்நாட்டில் எங்கும் இருந்தன. சிறுவர் கைக்குச் சிகரெட் எட்டலாகாது என்னும் கருத்து வலுப்பெற்றுச் சட்டங்கள் இறுகியபோது, அவ்வியந்திரங்கள் பயனிழந்து மூலையில் கிடந்தன.

கிளார்க் விட்டிங்டன் என்னும் கலைஞர் அவற்றுள் ஒன்றை எடுத்தார். அவருடைய நண்பர் ஒருவர்க்கு ஒரு வேடிக்கையான இயல்பு உண்டு. யாரேனும் தின்பண்டப் பொட்டலத்தைப் பிரிக்கும் ‘சரசர’ ஒலி காதில் விழுந்தால், தமக்கும் அப்பண்டம் வேண்டும் என்னும் ஆவல் அவர்க்கு உடனே எழும். இவ்வியல்பே விட்டிங்டனின் சிந்தனையைத் தூண்டியது. பொட்டலத்தின் ஒலி தின்பண்டத்தின்மேல் ஆசையை எழுப்புமாயின், கலையின்மேலும் எழுப்பாதா? 1997 ஜூன் மாதம் உள்ளூர்ச் சிற்றுண்டிச்சாலை ஒன்றில் நடந்த தம் கண்காட்சியில் அவ்வியந்திரத்தை நிறுத்தினார். சிறு கட்டைகளில் ஒட்டிய தம் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களை அதனுள் அடுக்கினார். விலை ஒரு டாலர்.

கண்காட்சி முடிந்ததும் இயந்திரத்தை அகற்றுவதே திட்டம். ஆனால் சிற்றுண்டிச்சாலையின் உரிமையாளர் அது அங்கேயே இருக்கட்டும் என விரும்பினார். வேறு கலைஞர்களையும் விட்டிங்டனுக்கு அறிமுகம் செய்தார். ஒருவர் படைப்பிற்கெனத் தொடங்கியது இவ்வாறு பலர் படைப்பிற்குரிய இடமாயிற்று. ‘ஆர்ட்டோமேட்’ என்னும் பெயருடன் அவ்வியந்திரங்கள் பெருகி, நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களை அடைந்தன. மளிகைக் கடை, தங்கும் விடுதி, நூலகம் என அவை நிற்காத இடம் அரிது. தலைநகர் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்திலும் ஒன்று இடம்பெற்றது.

இதன் செயல்முறை எளிது. நெடுங்காலம் விலை ஐந்து டாலராக இருந்தது. அதனைச் செலுத்தி, விரும்பிய கலைஞரின் பெயருக்கு நேரேயுள்ள கைப்பிடியை இழுத்தால் ஒரு சிறு பெட்டி விழும். அதனுள் ஒரு சிறு ஓவியமோ, நுண்சிற்பமோ, கையால் செய்த அணிகலனோ இருக்கும். எது வரும் என்பது திறக்கும் வரை முழுமையாகத் தெரியாது. அவ்வெதிர்பார்ப்பும் விலையுள் அடங்கியதே.

கலைஞர்க்கு விதிக்கப்பட்ட அளவு கண்டிப்பானது. சிகரெட் பெட்டி நழுவி விழுந்த அதே வழியில்தான் கலைப்பொருளும் விழ வேண்டும். ஆகவே அது ஏறத்தாழ 54 மில்லிமீட்டர் அகலம், 82 மில்லிமீட்டர் உயரம், 21 மில்லிமீட்டர் கனம் கொண்ட பெட்டிக்குள் அடங்க வேண்டும். தமிழ் பயின்ற நமக்கு இக்கட்டுப்பாடு புதிதன்று. ஏழு சீர்களுக்குள் ஓர் உலகைச் சொல்லிமுடிக்கும் குறள் வெண்பாவை அறிந்தவர்கள் நாம். குறுகிய அளவு படைப்பாளியைத் தளையிடுவதாகத் தோன்றினும், வேண்டாதவற்றை விலக்கிச் செறிவைத் தருவதும் அதுவே.

கடைத்தெருவில் கலைஞர்

இயந்திரத்தை நாடாமல் கடையையே கலைக்கூடமாக்கியோரும் உளர். கிளேஸ் ஓல்டன்பர்க் 1961இல் நியூயார்க்கின் கீழ்க்கிழக்குப் பகுதியில் ஒரு கடையை வாடகைக்குப் பிடித்தார். உணவுப் பண்டம், உடை முதலியவற்றைச் சுண்ணச் சாந்தால் செய்து, வண்ணம் பூசி, விலைச்சீட்டு ஒட்டி விற்றார். விலை எளியோர்க்கு ஏற்றதாக இல்லை எனினும், கலைப்பொருளும் கடைப்பொருளே என்னும் உண்மையை மறைக்காமல் காட்டியது அக்கடை.

கீத் ஹேரிங் இன்னும் ஒருபடி மேலே சென்றார். 1980களின் தொடக்கத்தில் நியூயார்க் சுரங்க இரயில் நிலையங்களில், விளம்பரம் ஒட்டப்படாத கறுப்புத்தாள்களின்மேல் வெண்சுண்ணக்கோலால் விரைந்து வரைந்தவர் அவர். தவழும் குழந்தை, குரைக்கும் நாய் என எவர்க்கும் விளங்கும் உருவங்கள் அவை. அவற்றைக் காண்பதற்கு இரயில் கட்டணம் தவிர வேறு செலவில்லை. அவர் புகழ் பெற்றபின் ஓவியங்களின் விலை உயர்ந்தது. முன்பு நடைமேடையில் நின்று கண்ட மக்கள் வாங்க இயலாத நிலை வந்தது. இதனை உணர்ந்து 1986இல் லஃபாயெட் தெருவில் ‘பாப் ஷாப்’ என்னும் கடையைத் திறந்தார். சட்டைகள், பொத்தான் சின்னங்கள், சுவரொட்டிகள் ஆகியவற்றில் தம் உருவங்களைப் பதித்துக் குறைந்த விலைக்கு விற்றார். ‘கலையை வணிகமாக்கிவிட்டார்’ என்னும் பழி எழுந்தது. ஒரே ஓவியத்தைப் பெருந்தொகைக்கு ஒரு செல்வர்க்கு விற்றால் அது கலை. அவ்வுருவையே சிறுதொகைக்குப் பலருக்கு விற்றால் அது வணிகம் என்னும் இத்தருக்கம் நமக்கு விளங்கவில்லை. ஹேரிங் 1990இல் மறைந்த பின்னும் அக்கடை 2005 வரை நடந்தது.

பெயரா, பொருளா?

விலைக்கும் தரத்திற்கும் என்ன உறவு? இவ்வினாவைச் சோதித்த இரு நிகழ்ச்சிகளைக் காண்போம்.

இலண்டன் இராயல் கலைக் கல்லூரி 1994இல் ஓர் அஞ்சலட்டை விற்பனையைத் தொடங்கியது. புகழ்பெற்ற கலைஞரும் மாணவரும் ஒரே அளவு அட்டையில் வரைந்து தந்தனர். அனைத்திற்கும் ஒரே விலை. கையொப்பம் அட்டையின் பின்புறத்தில் இருக்கும். வாங்கியபின்தான் அதனைக் காணலாம். டேவிட் ஹாக்னி போன்றோரின் அட்டைகளும், நேற்றுச் சேர்ந்த மாணவரின் அட்டைகளும் அருகருகே இருந்தன. வாங்க வருவோர் தம் கண்ணை நம்புவதன்றி வேறு வழியில்லை. விற்பனைக்கு முந்திய இரவே மக்கள் வந்து வரிசையில் காத்துக் கிடந்ததும் உண்டு.

இரண்டாவது நிகழ்ச்சி 2013 அக்டோபரில் நியூயார்க் நடுப் பூங்காவின் ஓரத்தில் நடந்தது. முகம் காட்டாத பிரித்தானியச் சுவரோவியர் பேங்ஸி, முதியவர் ஒருவரை அமர்த்தித் தம் கையொப்பமிட்ட ஓவியங்களைத் தெருக்கடையில் விற்கச் செய்தார். ஒவ்வொன்றும் 60 டாலர். பேங்ஸியின் கடை என்பது எவர்க்கும் தெரியாது. பல மணி நேரம் எவரும் வாங்கவில்லை. பின்னர் ஒரு பெண்மணி பாதி விலைக்குப் பேரம் பேசி இரண்டை வாங்கினார். அன்றைய மொத்த விற்பனை மூவர்க்கு எட்டு ஓவியங்கள். வரவு 420 டாலர். மறுநாள் உண்மை வெளியானது. அடுத்த ஆண்டு அவற்றுள் இரண்டு ஓவியங்கள் இலண்டன் ஏலத்தில் ஒரு இலட்சம் பவுனுக்கு மேல் விலைபோயின. ஓவியத்தில் ஒரு கோடும் மாறவில்லை. அறியப்பட்ட பெயர் ஒன்றே கூடியது.

அஞ்சல் தலையே விலை

விலையே இல்லாத வழியும் உண்டு. அமெரிக்கக் கலைஞர் ரே ஜான்சன் தம் படைப்புகளை நண்பர்க்கும் அறியாதார்க்கும் அஞ்சலில் அனுப்பினார். ‘இதனுடன் ஏதேனும் சேர்த்து இன்னார்க்கு அனுப்புக’ என்பது போன்ற குறிப்பு அவற்றில் இருக்கும். வாங்கியவர் படைப்பாளியாகி அடுத்தவர்க்கு அனுப்புவார். 1970இல் நியூயார்க் விட்னி அருங்காட்சியகம் இவ்வஞ்சல்களைக் காட்சிக்கு வைத்தது.

இதனையொத்த பிற்கால முயற்சி, ஹாரல் ஃபிளெச்சர், மிராண்டா ஜூலை ஆகிய இருவரும் 2002 முதல் 2009 வரை நடத்தியது. அவர்கள் எவரும் செய்யத்தக்க சிறு பணிகளை அறிவித்தனர். கட்டிலுக்கு அடியில் புகைப்படம் எடுத்தல், ஊக்கமூட்டும் பதாகை ஒன்று செய்தல், முன்பின் அறியாத இருவர் கைகோத்து நிற்பதைப் படமெடுத்தல் ஆகியன சில. எண்ணாயிரத்திற்கும் மேற்பட்டோர் பணி முடித்து அனுப்பினர். 2010இல் இத்தொகுப்பைச் சான்பிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகம் ஏற்றுக்கொண்டது.

ஓர் ஐயம்

இவற்றை முழுமையாகப் புகழ்வதற்கு முன் ஒன்றை எண்ண வேண்டும். விலை குறைந்தால் கலைஞர் எவ்வாறு வாழ்வார்? ஆர்ட்டோமேட்டின் ஐந்து டாலரில் கலைஞர்க்குச் சேர்ந்தது ஏறத்தாழப் பாதி. ஐம்பது பெட்டிகள் செய்து ஐம்பதும் விற்றாலும் வரவு 125 டாலரே. மூலப்பொருளின் விலையையும் உழைத்த நாள்களையும் கழித்தால் எஞ்சுவது சிறிது. எனவே எளிய விலையை வாழ்வாதாரம் என்று கூறுவது பொருந்தாது. அது ஓர் அறிமுகச் சீட்டு. முன்பு கலைக்கூட வாயிலை மிதித்தறியாத ஒருவர் கையில் கலைஞரின் பெயரைக் கொண்டு சேர்க்கிறது. அவ்வறிமுகம் நிலைத்த ஆதரவாக வளர்வது வாங்குவோர் பொறுப்பு. ‘மலிவாகக் கிடைத்தது’ என்று மகிழ்வதோடு நின்றுவிட்டால், கலை எளியோர்க்கு எட்டும். கலைஞர்க்குச் சோறு எட்டாது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன. கலையைச் சொந்தமாக்கிக்கொள்ளும் உரிமை செல்வத்தோடு பிணைந்ததன்று என்பது ஒன்று. பெயரையும் விலையையும் மறைத்துவிட்டால் நம் கண்ணின் தேர்ச்சியே நமக்குத் துணை. அத்தேர்ச்சி பயிற்சியால் வருவது என்பது இரண்டு. படைப்பதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஓர் அஞ்சலட்டையும் ஒரு சிறு கட்டளையும் போதும் என்பது மூன்று.

நம் மாணவர்கள் இவற்றுள் ஒன்றையேனும் செய்து பார்த்தல் நன்று. வகுப்பிலுள்ளோர் அனைவரும் ஒரே அளவு அட்டையில் வரைந்தோ எழுதியோ, பெயரைப் பின்புறம் குறித்து, ஒரே சிறுவிலைக்கு வைக்கலாம். ஆசிரியரும் ஓர் அட்டை தரட்டும். கடைசி இருக்கை மாணவரும் ஓர் அட்டை தரட்டும். எதனை எவர் விரும்பி எடுக்கிறார் என்பதை அன்று காண்போம். எவருடைய அட்டை முதலில் எடுக்கப்படும் என்பதை முன்கூட்டிக் கூற ஆசிரியர்களாகிய நம்மாலும் இயலாது.