இரவு மாத்திரையும் அதன்பின் குடிக்கும் தண்ணீரும்

மாத்திரை போட்டால் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வது நம் வீட்டு வழக்கம். டெஸ்மோபிரெசின் என்ற மருந்து விஷயத்தில் மட்டும் அந்த வழக்கத்தை விட்டுவிட வேண்டும். குழந்தைகள் படுக்கையை நனைப்பதற்கும், முதியவர்கள் இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுந்திருப்பதற்கும், நாளெல்லாம் அடங்காத தாகத்தோடு சிறுநீர் வெள்ளமாகப் போகும் நோய்க்கும் இதைத் தருகிறார்கள். நல்ல மருந்துதான். ஆனால் இதைச் சாப்பிட்டபின் குடிக்கும் தண்ணீருக்குக் கணக்கு வேண்டும்.

நம் சிறுநீரகங்கள் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதில் ஒன்றரை, இரண்டு லிட்டர்தான் சிறுநீராக வெளியேறுகிறது. மிச்சத்தை உடம்பே திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. கடைசிக் கட்டத்தில் எவ்வளவு நீரை மீட்பது என்று முடிவு செய்வது வாசோபிரெசின் என்ற ஹார்மோன். மூளையில் ஹைப்போதலாமஸில் உருவாகி, பிட்யூட்டரி சுரப்பி வழியாக ரத்தத்தில் கலப்பது அது. அதைச் சற்றே மாற்றி, 1960களில் பிராகாவில் வேதியியலாளர்கள் செய்த செயற்கை வடிவமே டெஸ்மோபிரெசின். இயற்கை ஹார்மோனைவிட நீண்ட நேரம் வேலை செய்யும். ரத்த அழுத்தத்தை அந்த அளவுக்கு ஏற்றாது.

மருந்து வேலை செய்யும் நேரத்தில் சிறுநீரகம் நீரை வெளியே விடாது. அப்போது வயிறு முட்டத் தண்ணீர் குடித்தால் அது ரத்தத்திலேயே தங்கி, சோடியத்தை நீர்க்கச் செய்துவிடும். லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் இருக்க வேண்டிய சோடியம் மளமளவென்று சரியும்போது செல்களுக்குள் நீர் புகும். மூளை வீங்கினால் மண்டையோட்டுக்குள் அதற்கு இடமில்லை. தலைவலி, குமட்டல், குழப்பம் என்று தொடங்கி வலிப்பு, நினைவிழப்பு வரை போகும்.

இது ஏட்டளவிலான பயம் இல்லை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்த மருந்தோடு தொடர்புடைய 61 வலிப்பு நிகழ்வுகளை ஆராய்ந்தது. அவர்களில் இருவர் இறந்திருந்தார்கள். 61இல் 36 பேர் மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயைப் பயன்படுத்தியவர்கள். அந்த 36 பேரில் 25 பேர் சிறுவயதினர். 2007 டிசம்பரில், படுக்கை நனைக்கும் குழந்தைகளுக்கு ஸ்ப்ரேயைத் தரக் கூடாது என்று அந்த நிர்வாகம் அறிவித்தது. பழைய சீட்டை வைத்துக்கொண்டு யாராவது இன்னும் அதற்காக ஸ்ப்ரே வாங்கினால், உடனே மருத்துவரிடம் பேசுங்கள்.

குழந்தைக்கு மாத்திரை கொடுக்கும் வீட்டில் முக்கியமான விதி ஒன்றுதான்: மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து, போட்டபின் எட்டு மணி நேரம் வரை தாகம் தணிக்க ஓரிரு மடக்குக்கு மேல் எதுவும் கூடாது. பால், ஜூஸ், மோர், ரசம் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். பத்து மணிக்கு மாத்திரை என்றால் ஒன்பது மணிக்கு முன்பே இரவுப் பால் முடிந்திருக்க வேண்டும். அன்றைக்குக் காய்ச்சலோ வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தால் மாத்திரையே வேண்டாம். அப்போது நீர் கொடுத்தாக வேண்டும், இரண்டும் சேரக் கூடாது. விடியற்காலையில் படுக்கை நனைந்திருக்கிறதே என்று இன்னொரு மாத்திரை கொடுக்கவும் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை குறைந்தது ஒரு வாரம் நிறுத்தி, இன்னும் தேவைதானா என்று பார்ப்பார்கள். நாக்கின் அடியில் கரையும் வகைக்குத் தண்ணீரே தேவையில்லை. அதில் 120 மைக்ரோகிராம் என்பது விழுங்கும் மாத்திரையில் 200 மைக்ரோகிராமுக்குச் சமம். கடையில் வகையை மாற்றிக் கொடுத்தால் எண்ணைப் பார்த்து நீங்களாகக் கணக்குப் போடாதீர்கள்.

ஐந்து வயதில் நூறு குழந்தைகளில் ஏறக்குறைய 15 பேர் படுக்கையை நனைக்கிறார்கள். பெரும்பாலோருக்கு வளர வளரத் தானே சரியாகிவிடுகிறது. அடிப்பதும், உறவினர் முன் சொல்லிக் காட்டுவதும் கொடுமை. குழந்தை வேண்டுமென்று செய்வதில்லை. ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமலிருந்த பிள்ளை திடீரென மறுபடி தொடங்கினால், அதிலும் தாகமும் மெலிவும் சேர்ந்தால், முதலில் ரத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும்.

முதியவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். சிறுநீர் பெருக்கி மாத்திரை, மனச்சோர்வு மருந்துகள், கார்பமசெபின், வலி நிவாரணிகள் ஆகியவை சோடியத்தை மேலும் இறக்கக் கூடும். வயிற்றுப்போக்குக்குப் போடும் லோபெரமைடு, ரத்தத்தில் இந்த மருந்தின் அளவைக் கூட்டிவிடும். இதயச் செயலிழப்போ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் பொதுவாக இதைத் தருவதில்லை. தொடங்கும் முன்பும், முதல் வாரத்திலும், ஒரு மாதத்திலும் சோடியம் பரிசோதனை வேண்டும்.

பிட்யூட்டரி அறுவை சிகிச்சையாலோ தலைக் காயத்தாலோ வாசோபிரெசின் சுரப்பே நின்றுபோனவர்களின் நிலை நேர் எதிர். அவர்களுக்கு இது உயிர் காக்கும் மருந்து. தவறினால் உடம்பு வறண்டு சோடியம் ஏறிவிடும். மருத்துவமனையில் இந்த மருந்தைக் கொடுக்கத் தவறியதாலும் தாமதித்ததாலும் நேர்ந்த தீங்குகளுக்காக, இங்கிலாந்தின் என்.எச்.எஸ். 2016இல் தனி எச்சரிக்கையே வெளியிட்டது. இவர்கள் தாங்களாக மருந்தை நிறுத்தக் கூடாது. வேறு எந்தச் சிகிச்சைக்குச் சேர்ந்தாலும் முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும்.

இந்த மருந்து சாப்பிடுபவருக்கு விடாத தலைவலி, வாந்தி, காரணமில்லாத மந்தம், தடுமாற்றம் வந்தால் தூங்கி எழுந்தால் சரியாகும் என்று விட்டுவிடாதீர்கள். தண்ணீர் கொடுக்காமல், மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், மருந்தின் பெயரைச் சொல்லி, சோடியத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.