அப்பா குடிப்பது பிள்ளையின் குற்றமல்ல

குடிநோய் ஒருவருக்குத்தான் வருகிறது; பாரம் வீடு முழுவதும் விழுகிறது. அந்த வீட்டில் வளரிளம் பருவத்தில் இருக்கும் பிள்ளைகள் படும் பாடு தனி. நடப்பதெல்லாம் அவர்களுக்குப் புரியும். தடுக்கும் வலு இருக்காது. வெளியே சொல்ல வெட்கம் விடாது. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 வயதைக் கடந்த ஆண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் மது அருந்துகிறார். அவர்கள் அனைவரும் குடிநோயாளிகள் அல்லர். ஆனாலும் பாபநாசம் முதல் மேலப்பாளையம் வரை, தாமிரபரணிக் கரையின் எந்தப் பள்ளியிலும் குடிநோய் உள்ள வீட்டுப் பிள்ளை ஒருவராவது இருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பிள்ளைக்குச் சமூகப் பணியாளர் செய்யக்கூடியவை பல. அவற்றுள் முதலாவது, அப்பாவைத் திருத்தும் பொறுப்பைப் பிள்ளையின் தோளிலிருந்து இறக்கி வைப்பது.

இந்தப் பிள்ளைகளை அடையாளம் காண்பது எளிதல்ல. ஒருத்தி வீட்டையே தாங்குவாள். தம்பிக்குச் சோறு போட்டு, அம்மாவோடு உட்கார்ந்து பீடி சுற்றி, வகுப்பிலும் முதலிடம் வாங்குவாள். ஒருவன் சண்டைக்காரன் என்று பெயரெடுப்பான். இன்னொருவன் இருக்கிற இடம் தெரியாமல் இருப்பான். வேறொருவன் எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டே இருப்பான். குடிநோய் உள்ள குடும்பத்தில் பிள்ளைகள் தங்களை அறியாமல் ஏற்கும் வேடங்களாக இவற்றை அமெரிக்கக் குடும்ப சிகிச்சையாளர் ஷாரன் வெக்‌ஷைடர் வகைப்படுத்தினார். முரட்டுப் பையனைக் கவனித்துவிட்டு, நன்றாகப் படிக்கும் பெண்ணுக்குக் குறையொன்றும் இல்லை என்று நினைத்துவிடுவது எளிதில் நடக்கும் தவறு. வகுப்பில் தூங்கி விழுவது, பெற்றோர் கூட்டம் என்றதும் முகம் மாறுவது, பள்ளி விட்டும் வீட்டுக்குப் போகாமல் இருட்டும்வரை மைதானத்திலேயே சுற்றுவது ஆகியவை கவனிக்க வேண்டிய குறிகள்.

பேச்சைத் தொடங்கும் விதத்தில்தான் பாதி வேலை இருக்கிறது. மற்ற மாணவர் முன்னாலும் வீட்டில் அப்பா எதிரிலும் பேசக்கூடாது. “உங்க அப்பா குடிப்பாரா?” என்று எடுத்தவுடன் கேட்டால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். “ராத்திரி நல்லா தூங்க முடியுதாப்பா?” என்று கேட்டால் மெல்லப் பேசத் தொடங்கும். ‘குடிகாரன் மவன்’ என்ற ஏச்சைத் தெருவில் கேட்டுப் புண்பட்ட பிள்ளையிடம் ‘குடிகாரன்’ என்ற சொல்லே வரக்கூடாது. அப்பாமேல் கோபமும் பாசமும் அந்த மனத்தில் சேர்ந்தே இருக்கும். இரண்டுக்கும் இடம் தர வேண்டும். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக 1951இல் அமெரிக்காவில் தொடங்கிய அல்-அனான் இயக்கமும், வளரிளம் பருவத்தினருக்காக 1957இல் பிறந்த அல்-அட்டீனும் வலியுறுத்தும் மூன்று செய்திகள் இங்கும் பொருந்தும். அப்பா குடிப்பதற்குப் பிள்ளை காரணமல்ல. அதைப் பிள்ளையால் கட்டுப்படுத்த முடியாது. குணப்படுத்துவதும் பிள்ளையின் வேலையல்ல. இதை ஒருமுறை சொன்னால் போதாது. பிள்ளை நம்பும்வரை சொல்ல வேண்டும்.

சொன்னது ரகசியமாக இருக்கும் என்று உறுதி தரும்போதே அதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் பிறரிடம் சொல்லியாக வேண்டும். பாலியல் துன்புறுத்தல் என்றால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் தருவது கட்டாயம். அந்த எல்லையை முதலில் மறைத்துவிட்டுப் பிறகு ரகசியத்தை வெளியிட்டால் பிள்ளை இனி யாரையும் நம்பாது.

அடுத்தது பாதுகாப்பு. இரவில் அடிதடி தொடங்கினால் யார் வீட்டுக்குப் போவது, தம்பி தங்கையை எப்படி அழைத்துப் போவது என்பதைப் பகலிலேயே பிள்ளையோடு உட்கார்ந்து திட்டமிட வேண்டும். ஆச்சி வீடோ சித்தி வீடோ அண்டை வீடோ, கதவைத் திறப்பவர் யார் என்று முன்பே பேசி வைக்க வேண்டும். புத்தகங்களும் சான்றிதழ்களும் கிழிபடாமல் பள்ளியிலோ நம்பிக்கையான ஒருவரிடமோ இருக்கலாம். குழந்தைகள் உதவிக்கு 1098, காவல்துறைக்கு 112, அம்மாவுக்குப் பெண்கள் உதவி எண் 181 ஆகியவை பிள்ளைக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும்.

சட்டமும் துணை நிற்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பெற்றோர் இருந்தும் அவர்களால் பராமரிக்க இயலாத பிள்ளையைப் பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையாகக் கருதுகிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாகக் குழந்தைகள் நலக் குழுவை அணுகலாம். பிள்ளையை வீட்டிலிருந்து பிரிப்பது கடைசி வழி. அதற்கு முன் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் தகுதியுள்ளவர்களுக்குக் கிடைக்கும் மாதம் 4,000 ரூபாய் உதவி, அரசு மாணவர் விடுதி, பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான மத்திய அரசின் கல்வி உதவித்தொகை ஆகியவற்றை முயல வேண்டும். மேலப்பாளையம், முக்கூடல் பகுதிகளில் தாயின் பீடிக் கூலியை நம்பியே அடுப்பெரியும் வீடுகளுக்கு அந்த உதவித்தொகை பிள்ளையின் படிப்பு நிற்காமல் காக்கும்.

தந்தைக்குச் சிகிச்சை ஏற்பாடு செய்வது பெரியவர்களின் வேலை. பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவையும், மாவட்ட மனநலத் திட்டத்தையும் அணுகலாம். இரண்டு ஆபத்துகளைக் குடும்பத்துக்கு விளக்க வேண்டும். நாள்தோறும் அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தக் குழப்பமும் வரலாம். வீட்டில் பூட்டி வைப்பது தீர்வல்ல. குடியை நிறுத்தும் மாத்திரையை அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுத்தால், அதன்மேல் அவர் குடிக்கும்போது உயிருக்கே ஆபத்தாகலாம். இவற்றில் எந்த வேலையையும் பிள்ளையிடம் ஒப்படைக்கவே கூடாது.

2018 மே மாதம், பிளஸ் டூ முடித்து நீட் தேர்வுக்குக் காத்திருந்த மாணவர் ஒருவர் நெல்லையில் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்பா குடியை விட வேண்டும் என்று அவர் எழுதி வைத்த கடிதம் தமிழகத்தை உலுக்கியது. அந்த மரணத்தைத் தியாகமாகப் பேசுவது, அதே துயரத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தவறான வழியைக் காட்டும். சாவு எவருடைய குடியையும் நிறுத்தும் மருந்தல்ல. இருக்கவே பிடிக்கவில்லை என்று பிள்ளை சொன்னாலும், சொல்லாமல் ஒதுங்கினாலும், தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேரடியாகக் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. அந்நேரத்தில் பிள்ளையைத் தனியே விடாமல் மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். டெலி-மானஸ் 14416, தமிழக அரசின் 104 ஆகிய எண்களில் எந்நேரமும் பேசலாம்.

நம்பிக்கைக்கும் இடம் உண்டு. ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். வறுமையும் குடும்பச் சிக்கலும் சூழ, அதிக ஆபத்தில் வளர்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒருவர் நல்ல நிலைக்கு வந்தனர். அவர்களுக்கு வாய்த்த துணைகளில் முக்கியமானது, கைவிடாத பெரியவர் ஒருவராவது அருகில் இருந்தது. அந்த ஒருவர் ஆசிரியராக, ஆச்சியாக, விளையாட்டுப் பயிற்சியாளராக இருக்கலாம். அப்படி ஒருவரைக் கண்டுபிடித்துப் பிள்ளையோடு இணைத்து, உறவு நிலைக்கும்வரை தொடர்வதே சமூகப் பணியாளரின் நீண்டகால வேலை. தந்தை குடியை விட்டால் நல்லது. விடாவிட்டாலும் பிள்ளை படிக்கலாம், சிரிக்கலாம், தன் வாழ்க்கையைத் தானே அமைத்துக்கொள்ளலாம்.