தழும்பேறிய நுரையீரலில் இரத்த ஓட்டத்தைக் காட்டும் அணு ஸ்கேன்

காசநோய் குணமான பின்னும் நுரையீரலில் தழும்பு தங்கிவிடுவதுண்டு. சங்கரன்கோவில் விசைத்தறித் தொழிலாளி ஒருவருக்குப் பிறகு மூச்சிரைத்தால், “பழைய டி.பி. தழும்புதான்” என்று விட்டுவிடுவது எளிது. ஆனால் இரத்தக்கட்டி நுரையீரல் தமனியை அடைத்து, இதயத்தின் வலப்பக்கம் திணறிக்கொண்டிருக்கலாம். சாதாரண சி.டி. தழும்பைக் காட்டும், இரத்தம் எட்டாத இடத்தைக் காட்டாது.

அதைக் காட்டுவது வி/க்யூ ஸ்கேன். டெக்னீசியம்-99எம் ஏற்றிய ஆல்புமின் துகள்களைக் கைச் சிரையில் செலுத்துவர். பெரும்பாலும் 10 முதல் 90 மைக்ரோமீட்டர் அளவுள்ள இவை நுரையீரல் நுண்குழாய்களில் சில மணி நேரம் தங்கும். காமா கேமரா அவற்றைப் படமெடுக்கும். நுரையீரல் அழுத்தம் மிக உயர்ந்தவருக்குத் துகள்களின் எண்ணிக்கையைக் குறைப்பர். காற்று செல்லும் இடங்களை அறிய, நோயாளி கதிரியக்கப் பொருளை மூச்சில் இழுப்பார்.

தழும்பில் காற்றும் இரத்தமும் பெரும்பாலும் சேர்ந்தே குறையும். காற்று நுழைந்தும் இரத்தம் வராத பகுதியே அடைப்பைச் சந்தேகிக்க வைக்கும். நாட்பட்ட அடைப்பைப் பலருக்கு அறுவையால் நீக்கலாம், தழும்புக்கு அந்த வழியில்லை. நுண்தமனிகள் மட்டும் சுருங்கியிருந்தால் இந்த ஸ்கேன் ஏமாற்றக்கூடும். வலது இதயத்துக்குள் குழாய் செலுத்தி அழுத்தத்தை அளந்தே உறுதி செய்வர்.

டெக்னீசியத்தின் அரைவாழ்வு 6 மணி நேரமே. வாங்கி அடுக்கிவைக்க முடியாது. அதனால் இந்த ஸ்கேனுக்கு மதுரை போன்ற பெருநகருக்குத்தான் போக வேண்டியிருக்கும்.