வீட்டு மரங்களிற் பூஞ்சணம்: நீக்கும் வகையும் வாராமற் காக்கும் வகையும்

வீடு கட்டுவதற்கென்று வாங்கி அடுக்கிய சட்டங்களிலும் பலகைகளிலும், மழைக் காலத்தில் வெண்மையாயும் பசுமையாயும் கருமையாயும் பூஞ்சணம் படிவதை நிலக்காரர் யாவரும் கண்டிருப்பர். சிலர் அதனைத் துணியால் துடைத்து, மேலே வர்ணம் பூசி, மரத்தைக் கூரையில் ஏற்றிவிடுகின்றனர். வேறு சிலர் மரம் கெட்டுவிட்டதென்று அஞ்சி, நல்ல மரத்தையும் விறகாக்கிவிடுகின்றனர். இரண்டும் நஷ்டத்துக்கே இடமாகும். மரத்தில் ஈரம் மிகுந்திருக்கிறது என்பதற்குப் பூஞ்சணம் ஓர் அடையாளம். ஈரத்தைப் போக்காது பூஞ்சணத்தை மட்டும் போக்குபவர், அடுத்த மழையில் அதே வேலையை மீண்டும் செய்ய நேரிடும்.

எண்ணூர் வட்டாரத்தின் நிலைமை

எண்ணூர், கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் உள்ளது. ஒருபுறம் வங்கக் கடல், மறுபுறம் கழிமுகம், ஊடே பக்கிங்காம் கால்வாய். ஆகையால் மழை பெய்யாத நாளிலும் இவ்விடத்துக் காற்றில் ஈரம் மிகுதி. ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள வடகிழக்குப் பருவத்தில், காற்றின் ஈரப்பதம் பல நாட்களில் 80 சதவீதத்துக்கு மேற்படுகிறது. அவ்வளவு ஈரம் நீடித்தால், நேரே நனையாத மரத்தின்மேலும் பூஞ்சணம் முளைக்கும். கடற்காற்றில் வரும் உப்பும் மரத்தின்மேற் படிந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில், மிக்ஜாம் புயலின்போது பெய்த பெருமழையில், மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கலந்த வெள்ளம் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்திற் பரவிற்று. மீனவக் குப்பங்களின் படகுகளிலும், வலைகளிலும், கரையோரச் சுவர்களிலும் எண்ணெய் படிந்தது. இத்தகைய வெள்ளத்தில் ஊறிய கதவு நிலைகளுக்கும் தூண்களுக்கும், வெறும் மழையில் நனைந்தவற்றினும் அதிகக் கவனம் வேண்டும். மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்து நிலக்காரர்களுக்கும் இது பொருந்தும்.

மூன்று வகையை வேறறிதல்

மரத்தில் வளரும் பூசணங்களை மூன்றாகப் பிரித்தறிதல் வேண்டும்.

முதலாவது, மேற்பூஞ்சணம். இது மரத்தின் மேற்புறத்திலுள்ள சர்க்கரை, மாவுச் சத்துக்களையும் அழுக்கையும் உண்டு வாழ்வது. தேய்த்தால் போய்விடும். மரத்தின் வலிமையைக் குறைப்பதில்லை. ஆயினும் இதன் நுண்ணிய வித்துக்கள் காற்றிற் பரவி, இரைப்பு நோய் உள்ளவர்க்குத் துன்பம் விளைக்கும்.

இரண்டாவது, நீலக்கறை. மா, இலவு, ரப்பர் போன்ற மரங்களிலும், பிற மரங்களின் வெளிறு என்னும் வெளிச்சுற்று மென்பாகத்திலும் இது உட்புகும். தேய்த்தாலும் இழைத்தாலும் முற்றும் நீங்காது. வலிமை பெரும்பாலும் குறைவதில்லை; தோற்றமே கெடும்.

மூன்றாவது, மரத்தை இற்றுப்போகச் செய்யும் பூசணம். இது மரத்தின் நாரையே தின்பது. இதனால் மரம் பழுப்பேறிச் சிறு கட்டங்களாக வெடிக்கும். அல்லது வெளுத்துப் பஞ்சுபோல் ஆகும். கூரை சரிந்து உயிர்ச் சேதம் நேர்வதற்குக் காரணமாவது இதுவே.

இவற்றை அறியக் கூரிய கத்தி ஒன்று போதும். சந்தேகமான இடத்தில் முனையைக் குத்தி நெம்புக. நார் நீளமாக, சிம்பு சிம்பாக எழும்பினால் மரம் நல்ல நிலையில் உள்ளது. முனை எளிதில் இறங்கி, மரம் துண்டு துண்டாக உதிர்ந்தால் அது இற்றுவிட்டது. சுவருக்குள் நுழையும் உத்தர முனைகளையும், தரையைத் தொடும் நிலைக்கால்களின் அடியையும் முதலிற் சோதித்தல் வேண்டும்.

நீக்கும் முறை

1. ஒழுகும் ஓடு, அடைத்த தூம்பு, சுவரில் ஏறும் ஈரம் ஆகியவற்றை முதலிற் சரிசெய்க. இதைச் செய்யாமற் பிற வேலையைத் தொடங்குதல் வீண்.

2. உலர்ந்த பூஞ்சணத்தைத் துடைப்பத்தால் தட்டலாகாது. வித்துக்கள் வீடெங்கும் பரவும். மூக்கையும் வாயையும் முகக்கவசத்தால் மூடி, கையுறை அணிந்து, சன்னல்களைத் திறந்து வைத்து, ஈரத் துணியால் துடைத்தெடுக்க.

3. பின்பு சவர்க்கார நீராலேனும் சலவைச் சோடா கரைத்த நீராலேனும் நார்த் தூரிகை கொண்டு நாரோட்டமாகத் தேய்த்து, தூய நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைக்க. மரத்தின்மேல் நீரைக் கொட்டுதல் கூடாது.

4. சலவைத் தூள் கரைசல் கறையை வெளுக்கச் செய்யுமேயன்றி, மரத்தின் உள்ளே புகுந்த பூசணத்தைக் கொல்லாது. அதனை அமிலத்துடனோ அம்மோனியா கலந்த பொருளுடனோ சேர்த்தால் நச்சு வாயு எழும். ஒருபோதும் கலக்கலாகாது.

5. எண்ணெய் படிந்த மரத்தில், முதலில் மரத்தூளையோ பழந்துணியையோ கொண்டு எண்ணெயை ஒற்றியெடுத்துப் பின்பு சவர்க்கார நீரால் கழுவுக. எண்ணெய்ப் படலம் இருக்கும்வரை உள்ளீரம் எளிதில் வெளியேறாது. எடுத்த தூளையும் துணியையும் கால்வாயில் எறிதலும் கொளுத்துதலும் ஆகா.

6. மரம் நன்கு உலர்ந்த பின்னரே இழைத்தலும் வர்ணம் பூசுதலும் வேண்டும். ஈர மரத்தின்மேற் பூசிய வர்ணம், உள்ளீரத்தை வெளிவிடாமல் தடுத்து, இற்றுப்போதலை விரைவுபடுத்தும்.

இற்றுவிட்ட பாகத்தை எவ்விதக் கழுவலாலும் மீட்க இயலாது. அதனை வெட்டியெடுத்து, புது மரம் ஒட்டுதலோ முழுச் சட்டத்தையும் மாற்றுதலோ செய்தல் வேண்டும்.

உலர்ந்ததை அறிதல்

மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ் இருப்பின் இற்றுப்போகச் செய்யும் பூசணம் வளராது. இதனைக் கணக்கிடுதல் எளிது. சட்டத்திலிருந்து ஒரு துண்டு வெட்டி நிறுக்க. அது 650 கிராம் என்று கொள்வோம். அதனை 103 டிகிரி வெப்பமுள்ள மின்னடுப்பில், எடை மேலும் குறையாத வரையில் உலர்த்தி நிறுக்க. அது 500 கிராம் ஆயின், போன நீர் 150 கிராம். அதாவது உலர்ந்த எடையில் 30 சதவீதம். இம்மரம் கட்டடத்துக்கு ஆகாது. ஈரமானி என்னும் மின் கருவியாலும் உடனே அளக்கலாம். ஆயின் உப்பு ஏறிய மரத்தில் அக்கருவி உண்மையினும் அதிகமாகக் காட்டும்.

வாராமற் காத்தல்

அறுத்த மரத்தைத் தரையில் வைக்கலாகாது. அரை மீட்டர் உயரமுள்ள கட்டைகளின்மேல், பலகைக்குப் பலகை 25 மில்லி மீட்டர் கனமுள்ள குறுக்குக் குச்சிகளை இட்டு, ஒன்றின்மேல் ஒன்று நேராக அடுக்குக. மேலே கூரை வேண்டும். பக்கங்கள் திறந்திருத்தல் வேண்டும். பிளாஸ்டிக் தாளால் நாற்புறமும் சுற்றிக் கட்டுவது, மழையைத் தடுப்பதாகத் தோன்றினும், ஈரத்தை உள்ளே அடைத்துப் பூஞ்சணத்தை வளர்க்கும். கோடையிலேயே மரத்தை வாங்கி அடுக்கி உலரவிட்டுப் பயன்படுத்துவோர்க்கு இத்தொல்லை குறைவு.

வீட்டினுள் நனையாத இடத்தில் அமையும் மரத்துக்கு, 100 லிட்டர் நீரில் போரிக் அமிலம் 2 கிலோவும் வெங்காரம் 3 கிலோவும் கரைத்த நீரைப் பூசலாம். மரத்தை அதில் ஊறவைத்தல் மேலும் நலம். மழை படும் இடத்தில் இம்மருந்து கரைந்து போய்விடும். வெளியிடத்துக்கு, செம்பு, குரோமியம், பாஷாணம் ஆகியவற்றின் உப்புக்களால் ஆன மருந்தை, டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சொந்தி காமேசம் என்பவர் 1933-ஆம் ஆண்டில் கண்டறிந்தார். உலகெங்கும் அது பரவிற்று. எனினும், பாஷாணம் கலந்திருப்பதால், அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டின் முடிவோடு வீட்டு உபயோகத்துக்கு அது பெரும்பாலும் நிறுத்தப்பட்டது. அம்மருந்தேற்றிய பழமரம் கிடைத்தால், அடுப்பெரிக்கக் கூடாது. சாம்பலும் புகையும் நஞ்சாகும்.

கிராம அதிகாரிகளுக்கு

வெள்ளத்துக்குப் பின் சேதத்தைக் குறிக்கச் செல்லும் அதிகாரிகள், கறுத்த மரத்தை எல்லாம் சேதமென்றும், வெளுத்த மரத்தை எல்லாம் நல்லதென்றும் எழுதிவிடாது, உத்தர முனைகளைக் கத்தியால் சோதித்துக் குறிப்பது நலம். பள்ளிக்கூடம், நியாய விலைக் கடை, தானியக் கிடங்கு முதலிய பொதுக் கட்டடங்களின் மரக் கூரையை, ஆண்டுதோறும் பருவ மழைக்கு முன் ஒரு முறையும் மழை ஓய்ந்தபின் ஒரு முறையும் பார்த்துவருதல் வேண்டும். ஒரு கத்தியும் அரை நாள் உழைப்பும் செலவிட்டால், கூரையும் அதன்கீழ் இருப்போர் உயிரும் தப்பும்.