மழைக்கு ஒதுங்க ஓர் இடம்

ஐப்பசி மழை நினைத்த நேரத்தில் பிடித்துக்கொள்ளும். அந்தக் காலத்து மயிலாப்பூர் மாடவீதிகளில் அதற்காக யாரும் பதறி ஓடியதில்லை. நாலு எட்டு வைத்தால் ஒரு திண்ணை வரும். "உள்ளே தள்ளி நில்லுங்கோ, சாரல் அடிக்கறது" என்று வீட்டுக்குள்ளிருந்து குரல் வரும். கீரைக்காரம்மா கூடையை இறக்கி வைப்பார், தபால்காரர் பையை மடியில் அணைத்துக்கொள்வார், வாசலில் ஓடும் தண்ணீரில் பிள்ளைகள் காகிதக் கப்பல் விடுவார்கள். மழை விடும்வரை பேச்சுதான். ஏரி நிலவரம், அரிசி விலை, பெண்ணுக்கு வரன் எல்லாம் அதில் அடிபடும். சென்னையின் ஆண்டு மழையில் ஏறக்குறைய 60 விழுக்காட்டைக் கொண்டுவரும் வடகிழக்குப் பருவமழையின் மூன்று மாதங்களிலும் ஊர் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டது.

எல்லாத் திண்ணையும் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சாதி பார்த்த திண்ணைகள் உண்டு. அடையாற்றங்கரைக் குடிசைகளில் இருந்தவர்களுக்கு மழைக்காலம் எந்தத் தலைமுறையிலும் ஓய்வுக்காலமாக இருந்ததில்லை. அந்த வகையில் மரத்தடிதான் நியாயமான இடம். அது யாரையும் யாரென்று கேட்டதில்லை.

மழை நாட்களுக்கென்றே ஒரு மரம் இருந்தது, மரமல்லி. ஐப்பசி, கார்த்திகையில் இரவெல்லாம் பூத்து, விடியும்போது தெருவை வெள்ளையாக்கிவிடும். ஒவ்வொரு பூவுக்கும் விரல் நீளத்தில் மெல்லிய குழல். நாரே இல்லாமல் குழலோடு குழலைப் பின்னிச் சரமாக்கிவிடுவார்கள் சிறுமிகள். ஈர மண் வாசனையோடு கலந்த அந்த மணம் அடையாறு, மயிலாப்பூர்த் தெருக்களில் வளர்ந்த பலருக்கு இன்றும் பள்ளி விடுமுறையின் மணம். மரமோ முறியும் சாதி. பலத்த காற்றுக்குத் தாங்காது.

மரத்தடியில் ஊர் கூடுவது நமக்கு மட்டும் உரிய வழக்கமில்லை. செனகல் கிராமங்களில் ஊர்க்கூட்டம் பாவோபாப் மரத்தடியில் நடக்கும். வறண்ட மாதங்களில் மொட்டையாக நிற்கும் அந்த மரம் மழை வந்ததும் இலை விடும். நம்மூரில் ஆனைப்புளி என்று சொல்லும் அதே மரம் அடையாறு தியாசபிகல் சொசைட்டித் தோட்டத்திலும் நிற்கிறது. அந்தத் தோட்டத்தின் பெரிய ஆலமரத்தடியில் அன்னி பெசன்ட்டும் ஜே. கிருஷ்ணமூர்த்தியும் பேசக் கூட்டம் கூட்டமாக மக்கள் உட்கார்ந்து கேட்டார்கள். 1989இல் ஒரு புயலில் ஆலின் தாய்மரம் சாய்ந்தது. விழுதுகள் ஊன்றி நிற்பதால் மரம் போகவில்லை.

தி.நகரின் கதை வேறு. அது ஏரியாகவே இருந்த நிலம். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த ஏரியை 1920களில் வடித்துத்தான் பனகல் பூங்காவும் அதைச் சுற்றிய தெருக்களும் வந்தன. நல்ல மனையடி, அகலமான தெரு, இருபுறமும் தூங்குமூஞ்சி மரம் என்று அழகாகத்தான் திட்டமிட்டார்கள். மழை மட்டும் ஏரியை மறக்கவில்லை. தெருவில் தேங்குவது தன் பழைய இடத்தைத் தேடி வரும் தண்ணீர்தான்.

இன்று மழை என்றதும் முதலில் கைபேசியைப் பார்க்கிறோம். முன்பு பள்ளிக்கு லீவு உண்டா என்று வானொலிச் செய்திக்குக் காத்திருந்தார்கள். பிறகு தொலைக்காட்சியில் வானிலை மையத்தின் ரமணன் பிள்ளைகளின் நாயகன் ஆனார். இப்போது ரேடார் படம் ஒவ்வொரு வீட்டு வாட்ஸ்அப் குழுவிலும் ஓடுகிறது. தகவல் பெருகியது நன்மைதான், உயிர்களைக் காக்கிறது. ஆனால் 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்டு, கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் மூழ்கிய இரவுக்குப் பிறகு நகரம் மழையை ரசிப்பதை விட்டுக் காவல் காக்கத் தொடங்கிவிட்டது. 2024 அக்டோபரில் எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரிக்காரர்கள் கார்களை மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒதுங்கும் இடமும் மாறிவிட்டது. திண்ணைகளை இரும்புக் கிராதி அடைத்தது, பிறகு வீடே அடுக்குமாடி ஆனது. இப்போது மழைக்கு மேம்பாலத்தின் அடியில் ஸ்கூட்டர்காரர்கள் நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவரும் ஒருவரோடும் பேசுவதில்லை. மரத்தடிக்கு யாரும் போவதில்லை, பயம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்ததைப் பார்த்தவர்களின் பயம் அது. பெருங்கொன்றையும் குல்மொஹரும் தூங்குமூஞ்சியும் நிறைய விழுந்தன. ஆனால் பழியை மரத்தின் மேல் மட்டும் போடுவது நியாயமாகாது. அடிமரம் வரை சிமென்ட் பூசினோம். கேபிளுக்கும் வடிகாலுக்கும் பள்ளம் தோண்டி ஒரு பக்கத்து வேரை அறுத்தோம். கம்பிக்கு இடைஞ்சல் என்று ஒரு பக்கக் கிளையை வெட்டி, மறுபக்கப் பாரத்தை அப்படியே விட்டோம். இப்படி நிற்கும் மரம் எந்தக் காற்றுக்கும் சாயும்.

அதனால்தான் 'நிழல்' அமைப்பினர் கோட்டூர்புரத்தில், அடையாற்றங்கரையில் வளர்த்த மரப்பூங்கா எனக்கு முக்கியமாகப் படுகிறது. குப்பை கொட்டிய இடம் அது. இன்று நாட்டு மரங்கள் நிற்கின்றன. அவர்கள் நடத்தும் மரநடைகளில் தாத்தாவும் பேத்தியும் இலையைப் பார்த்து மரத்தின் பெயரைக் கற்றுக்கொள்கிறார்கள். திண்ணையோடு போன பேச்சில் ஒரு பகுதி அங்கே திரும்பியிருக்கிறது.

எதை நடுவது என்று கேட்பவர்களுக்கு மயிலாப்பூரிலேயே விடை உண்டு. கபாலீசுவரர் கோயிலின் தலமரம் புன்னை. கடற்காற்றில் வளர்ந்து பழகிய மரம். பூவரசும் புங்கமும் வேம்பும் இந்த மண்ணுக்கு ஒத்தவை. தெரு மரத்தைச் சுற்றி இரண்டடி மண்ணையாவது சிமென்ட் இல்லாமல் விடச் சொல்லி வார்டு அலுவலகத்தில் கேட்கலாம். இதோ மழை தொடங்கிவிட்டது. கன்றை இப்போதே வைத்துவிட்டால் மார்கழி வரை தண்ணீர் ஊற்றும் வேலை பெரிதாக இருக்காது. தை பிறந்ததும் தெருக்காரர்கள் முறைவைத்து ஊற்ற வேண்டியிருக்கும்.