நற்பெயரும் இணையத் தூற்றலும்

தொழில் புரிந்து வாழ்வோர்க்கு நற்பெயரே மூலதனம். பெங்களூரில் பொறியாளர் முதலிய பலரும் தம் பெயரையும் பணியிடத்தையும் லிங்க்ட்இன் போன்ற இணையத் தளங்களில் யாவரும் அறியப் பதிந்து வைக்கின்றனர். நல்ல வேலை அவ்வழியே கிடைக்கிறது. வசையும் அவ்வழியே வந்து சேர்கிறது. போலிப் பெயரில் அவதூறு, மேலதிகாரிக்குப் பொய்ப் புகார், பெண்களுக்கு ஆபாசச் செய்தி என அது பல வடிவம் கொள்ளும்.

இதற்கு ஆளானோர் நாணமுற்று அச்செய்திகளை அழித்துவிடுவதுண்டு. அவற்றோடு சான்றும் அழிந்துபோகும். சென்னையில் ஒரு பெண்ணைப் பற்றி யாஹூ குழுவில் ஆபாசமாக எழுதியவனுக்கு, எழும்பூர் நீதிமன்றம் 2004 நவம்பரில் ஈராண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. அப்பெண் புகார் செய்தது அவ்வாண்டு பெப்ரவரியில். நிபுணர் சாட்சியமும், அவன் பயன்படுத்திய கணினி நிலையத்தாரின் சாட்சியமும் குற்றத்தை நிலைநாட்டின.

ஆகவே நேயர்களே, வந்த செய்தியைப் படமாகச் சேமித்து, நாள், நேரம், அனுப்பியவர் கணக்கு ஆகியவற்றைக் குறித்துக்கொள்வீர்களாக. பெங்களூரில் கணினிக் குற்றங்களுக்கென்றே ஒரு காவல் நிலையம் 2001-லேயே ஏற்பட்டது. மத்திய அரசின் சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் முறையிடலாம். நாண வேண்டியவர் எழுதியவரே. புகார் செய்பவர் அல்லர்.