உங்களுக்குத் தெரியுமா? இறுகிய தோல் மறைக்கும் மூட்டு வீக்கம்

● ஸ்கிளிரோடெர்மா எனப்படும் சிஸ்டமிக் ஸ்கிளிரோசிஸ் தோலைத் தடிக்கவைப்பதோடு நிற்பதில்லை. மூட்டுகளிலும் அழற்சியை உண்டாக்கும்.

● மூட்டு அழற்சியை அளக்கும் 'டாஸ் 28' மதிப்பெண் முடக்குவாதத்துக்காக உருவானது. தோள், முழங்கை, மணிக்கட்டு, கைவிரல், முழங்கால் என 28 மூட்டுகளில் எத்தனை வலிக்கின்றன, எத்தனை வீங்கியுள்ளன என்று எண்ணுவார்கள். இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி. அளவும், நோயாளி தன் நிலைக்குத் தானே தரும் மதிப்பும் அதில் சேரும்.

● ஸ்கிளிரோடெர்மாவில் இந்தக் கணக்கு தடுமாறும். விரல் தோல் இறுகிவிட்டால் உள்வீக்கம் மருத்துவரின் கைக்குத் தட்டுப்படாமல் போகலாம். விரல் மடங்கி நிற்பதற்கும் மூட்டு அழற்சிதான் காரணம் என்றில்லை. தோல் இறுக்கமே அதைச் செய்யும்.

● தொட்டு அறிய முடியாத மூட்டுச் சவ்வு அழற்சியை அல்ட்ராசவுண்டும் எம்.ஆர்.ஐ.யும் காட்டிக்கொடுக்கும்.

● தோல் தடிப்புக்குத் தனி அளவுகோல் உண்டு. உடலின் 17 இடங்களில் தோலைக் கிள்ளிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் இடுவார்கள், உச்சம் 51.

● மூட்டை அசைக்கும்போது தசைநாண் உரசி நறநறப்பதும் முக்கிய அறிகுறி. நோய் தீவிரமாகலாம் என்பதற்கான எச்சரிக்கை அது.

ஸ்கிளிரோடெர்மா உள்ளவர்கள், வெளியே வீக்கம் தெரியாவிட்டாலும், மூட்டு வலியையும் காலை நேர விறைப்பையும் மருத்துவரிடம் அவசியம் சொல்ல வேண்டும்.